ராமேஸ்வரம் போனோம், கயா பாட்டியோடு இருந்தோம்

வெள்ளி இரவு, ராமேஸ்வரம்

அத்தைக்கு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும். மகளுக்குத் தனுஷ்கோடி பார்க்க வேண்டும். ஏழு வயசு மகனுக்குப் பாம்பன் பாலம். வீட்டுக்காரருக்கு எங்கேயாவது தூங்கக் கிடைத்தால் போதும். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. திண்டுக்கல்லிலிருந்து அரைத் தூக்கத்தில் பஸ் ஏறி, மதுரையில் விடியற்காலை ரயிலைப் பிடித்தோம்.

மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வரைக்கும் கருவேலங்காடுதான். உச்சிப்புளி தாண்டியதும் பனைமரமும் மணலும் வர ஆரம்பிக்கும். மண்டபம் வந்ததும் பெட்டியில் இருந்த எல்லோரும் கதவுப் பக்கம் போய்விட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் இப்போதுதான் முதல் தடவை போகிறோம். 1914-ல் கட்டி முடித்த பழைய பாலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் இரண்டு பக்கத்தையும் தூக்குவார்கள். புதுசில் நடுவில் இருக்கிற 72.5 மீட்டர் துண்டு முழுசாகச் செங்குத்தாக மேலே போய்விடும், மோட்டார் வேலை. "கப்பல் வருமா, கப்பல் வருமா" என்று மகன் கேட்டுக்கொண்டே வந்தான். வரவில்லை. நாங்கள் ரயிலில் போகும்போது கப்பல் வந்து பாலம் தூக்கினால் நமக்குத்தான் பிரச்சினை என்று அவன் அக்கா விளக்கினாள். அதற்கும் அவனிடம் ஒரு கேள்வி இருந்தது.

மேற்கு ரத வீதிக்குப் பக்கத்தில் லாட்ஜ். சாயங்காலம் மசூதித் தெருவில் கலாம் ஐயா வீட்டைப் பார்த்தோம். கூட்டத்தில் மாடிப்படி ஏறி இறங்கியதுதான் மிச்சம். திரும்பும்போது மகனுக்குப் புது விளையாட்டு கிடைத்தது. டி.என். என்று இல்லாத வண்டிகளை எண்ண வேண்டும், எந்த மாநிலம் என்று அப்பா சொல்ல வேண்டும். எம்.எச்., ஜி.ஜே., டபிள்யூ.பி., ஏ.பி. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. தூங்கும் வரைக்கும் நம்பர் பிளேட்தான்.

சனி, மதியம்

கோயில் பக்கத்தில் போலீஸ் அவுட்போஸ்ட் வாசலில், மர பெஞ்சில் உட்கார்ந்து இதைப் போனில் தட்டுகிறேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம். இந்நேரம் தனுஷ்கோடியில் இருக்க வேண்டியவர்கள். எனக்கு ஒரு பக்கம் அத்தை. அத்தைக்கு அந்தப் பக்கம் யாரென்றே தெரியாத ஒரு பாட்டி. இருவரும் வாழைப்பழம் சாப்பிடுகிறார்கள். வீட்டுக்காரரும் மகனும் பஸ் நிற்கிற இடத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். மீதியை ராத்திரி எழுதுகிறேன், போனில் சார்ஜ் குறைவு.

சனி, இரவு

சரி, காலையிலிருந்து வருகிறேன்.

அக்னி தீர்த்தத்தில் சூரியன் கிளம்பும்போது முங்கிவிட்டு, ஈரத்துணியோடு கோயிலுக்குள் தீர்த்த வரிசைக்குப் போனோம். கிணற்று மேட்டில் ஆட்கள் நின்று, கயிறு கட்டிய வாளியை விட்டு இறைத்து அப்படியே தலையில் ஊற்றுகிறார்கள். சில கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் பத்துப் பேருக்குப் பங்கு, சில கிணற்றில் மூச்சு முட்டும். ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ருசி வேறு என்பார்கள். அத்தை ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் பிடித்து நக்கிப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டே வந்தார். கடலை ஒட்டி இருந்தும் கிணறுகளில் உப்புக் கரிக்கவில்லை என்பது அவருக்கு ஆச்சரியம், எனக்கும்தான்.

உடை மாற்றிக்கொண்டு தரிசனம் முடித்து மூன்றாம் பிரகாரத்துக்கு வந்தோம். 1212 தூண்கள் என்று எழுதியிருப்பதைப் படித்தால் வெறும் எண்ணிக்கைதான். நடுவில் நின்று பார்த்தால்தான் தெரியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி தூண், ஒரே மாதிரி வர்ணம், கடைசியில் ஒரே மாதிரி வெளிச்சம். எந்த வாசல் வழியாக வந்தோம் என்று எங்களுக்கே பேச்சு வந்தது.

அங்கேதான் பாட்டி, ஒரு தூணுக்குக் கீழே. எழுபதைத் தாண்டியிருக்கும். முந்தானையை வலது தோள் வழியாக முன்னால் விட்டுத் தலையை மூடிய புடவை, உடம்பிலேயே பாதி காய்ந்துவிட்டது. வகிட்டில் ஆரஞ்சு நிறச் செந்தூரம் தண்ணீரில் கரைந்து நெற்றி வரைக்கும் வழிந்திருந்தது. மடியில் சிவப்புத் துணியில் முடிந்த ஒரு சிறிய செம்பு. அழவில்லை. போகிற வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பார்த்துவிட்டு இரண்டு தூண் தாண்டிவிட்டேன். அத்தைதான் நின்றார். "அந்தம்மா யாரையோ தேடுது" என்றார். திரும்பிப் போய்ப் பாட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை ஓரிடத்தில் உட்கார்ந்தால் சாமானியத்தில் எழுப்ப முடியாது.

மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் இந்தி உண்டு. "உன் இந்தியை இப்பக் காட்டு" என்று அவள் அப்பா தள்ளிவிட்டார். அவள் மண்டியிட்டு, பாடப் புத்தகம் ஒப்பிப்பது போல ஒரு வாக்கியம் சொன்னாள். பாட்டி பதிலுக்குப் பத்து வாக்கியம் சொன்னார். மகள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, இது எங்க மிஸ் பேசுற இந்தி இல்லம்மா" என்றாள். புரிந்தது இரண்டே வார்த்தை. பஸ். கயா.

பிகாரில் கயா. நம் ஊரிலிருந்து பிண்டம் வைக்கப் போகிற அதே கயா. அந்தப் பக்கம் பேசுவது மகஹி என்று மத்தியானம் தெரிந்துகொண்டோம்.

கையில் பை, போன், காகிதம் எதுவும் இல்லை. யோசித்தால் அது எப்படி என்பது புரிகிறது. கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தீர்த்தமாடப் போகிறோம், நனையும் என்று பையை, கழுத்தில் மாட்டும் டூர் அட்டையை எல்லாம் பஸ்ஸிலேயே வைத்துவிடுவார்கள். ஆக, இவ்வளவு கூட்டத்தில் ஒருவர் தொலைந்துபோக வசதியான ஒரே நேரத்தில் அவர் கையில் எந்த அடையாளமும் இருக்காது. யாத்திரை கூட்டிவருகிறவர்கள் ஏன் இதை யோசிப்பதில்லையோ.

நாலு பேர் கூடிவிட்டார்கள். கூடினால் யோசனைக்குக் குறைவா? அன்னதானத்தில் விட்டுவிடுங்கள், ரயில்வே ஸ்டேஷனில் விடுங்கள், "எதுக்குங்க வம்பு, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுங்க." போட்டோ யோசனை சொன்னவரிடமும் போன் கிடையாது, வெளியே லாக்கரில் இருக்கிறது. உட்கார்ந்திருந்த இடத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம், தேடி வந்தால் இங்கேதான் வருவார்கள் என்றார் வீட்டுக்காரர். அரை மணி நேரம் இருந்தோம். யாரும் வரவில்லை. கோயில் ஆள் ஒருவர் மைக்கில் இந்தியில் சொல்ல வைத்தார். இந்தக் கோயிலில் பூஜை செய்கிறவர்களே வழிவழியாக மராட்டியர்கள், இந்திக்குக் குறைவில்லை. அதற்கும் யாரும் வரவில்லை.

அப்புறம் கிழக்குப் பக்கம் வெளியே கூட்டிவந்தோம். பாட்டி அத்தையின் கையை விடவில்லை. சங்குக் கடை வாசலில் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தபோது, அந்தக் கடை அண்ணன் எட்டிப் பார்த்துப் பாட்டியிடம் ஏதோ கேட்டார். பாட்டி முகம் மலர்ந்துவிட்டது. இவர் ராமேஸ்வரம் தாண்டி மதுரைக்கு அந்தப் பக்கம் போனதில்லையாம். சங்கும் பாசிமணியும் விற்று விற்றே இந்தி, வங்காளி, தெலுங்கு எல்லாம் பேசுகிறார். எட்டாவது வரைக்கும் கட்டிய ஃபீஸை நினைத்துக்கொண்டேன்.

அவர் மூலமாகத்தான் விவரம் வந்தது. ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்த கூட்டம், கூடவே சமையல்காரரும் பாத்திரமும். பாட்டியின் வீட்டுக்காரரும் வந்திருக்கிறார். தீர்த்தம் முடிந்து பெண்கள் உடை மாற்றப் போன இடத்தில் இவர் பின்தங்கிவிட்டார். வந்த வாசலைத் தேடி பிரகாரத்தைச் சுற்றியிருக்கிறார், எத்தனை தடவை என்று அவருக்கே தெரியவில்லை. மடியில் இருப்பது கங்கை நீர். அங்கிருந்து எடுத்துவந்து ராமநாதருக்கு ஊற்றிவிட்டு, இங்கிருந்து சேது மணல் எடுத்துப்போய் பிரயாகையில் கரைப்பது பழைய வழக்கம். எல்லாவற்றையும் பஸ்ஸில் வைத்தவர் இதை மட்டும் யாரையும் நம்பி விடவில்லை.

கங்கை நீர் என்றதும் அத்தை எழுந்துவிட்டார். "நடை சாத்துறதுக்குள்ள ஊத்திட்டு வந்திருவோம், அவ்வளவு தூரத்திலிருந்து தூக்கிட்டு வந்திருக்குது." பாட்டி மாட்டேன் என்று தலையாட்டி, செம்பை இறுக்கிக்கொண்டார். நாங்கள் பறித்துக்கொள்வோம் என்று நினைத்துவிட்டாரோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. கடை அண்ணன் கேட்டுச் சொன்னார்: "ரெண்டு பேருமா சேர்ந்துதான் ஊத்தணுமாம்மா. தனியா செய்யாதாம்." அத்தை உடனே உட்கார்ந்துவிட்டார். "அதுவும் சரிதான்."

அவுட்போஸ்டில் ஒரு பெண் போலீஸ் இருந்தார், சின்ன வயசு. வாரத்தில் நாலு பேராவது இப்படி வருவார்கள் என்றார். நோட்டை எடுத்துப் பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டு, வீட்டுக்காரர் பெயர் கேட்டார். கடை அண்ணனும் கேட்டுப் பார்த்தார். பாட்டி தலைகுனிந்து சிரித்தார், சொல்லவில்லை. காது கேட்கவில்லையோ என்று சத்தமாகக் கேட்டார்கள். அப்போதும் சொல்லவில்லை.

"சத்தம் போடாதீங்க, புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க" என்றார் அத்தை. மாமா பெயரை அத்தை வாயால் நான் இன்றுவரை கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன்.

பாட்டி புடவையை ஒதுக்கி இடது முன்னங்கையை நீட்டினார். பச்சை. முழங்கை வரைக்கும் புள்ளியும் பூவுமாகப் பழைய பச்சை, சுருக்கத்தில் பாதி மறைந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு வரி எழுத்து. மகள் அந்தக் கையைப் பிடித்துத் தோலை லேசாக இழுத்துவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் எழுத்தில் ஒரு சந்தேகம், பாட்டியின் முகத்தைப் பார்த்து இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவதைச் சொன்னதும் பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். பெண் போலீஸ் எழுதிக்கொண்டார். பெயரை நான் இங்கே போடவில்லை. அவரே சொல்லாத பெயர்.

இதற்குப் பிறகு காத்திருப்பதுதான். தனுஷ்கோடி போகிற வழியில் பணியில் இருந்தவர்களுக்குப் பெண் போலீஸ் போனில் சொன்னார். வெளியூர் பஸ்கள் நிற்கிற இடத்தில் பார்த்துவருகிறேன் என்று வீட்டுக்காரர் கிளம்ப, மகன் நானும் வருவேன் என்று ஒட்டிக்கொண்டான். "பி.ஆர்.னு இருந்தா பிகார்" என்று சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறார். அந்த வெயிலில் அவன் ஒரு பஸ் விடாமல் முன்னால் ஓடி ஓடிப் பார்த்திருக்கிறான். ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று தாண்டி, கடைசி வரிசையில் பி.ஆர். 02. பஸ்ஸுக்கு அடியில் நிழலில் சமையல்காரர் தூக்கம். பக்கத்தில் கவிழ்த்துவைத்த அண்டா, அடுப்பு. எழுப்பி, துண்டுச்சீட்டில் இருந்த பெயரைச் சொன்னதும் பதறி எழுந்து போன் போட்டாராம்.

நடந்தது இதுதான். தீர்த்தம் முடிந்ததும் இரண்டு வேனில் தனுஷ்கோடி போயிருக்கிறார்கள். அவரவர் வேனில் தலையை எண்ணவில்லை. பாட்டி பெண்களோடு இரண்டாவது வேனில் வருகிறார் என்று தாத்தா நினைத்துக்கொண்டார். புருஷனோடு முதல் வேனில் போய்விட்டார் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். அரிச்சல்முனையில் இறங்கி மணல் எடுக்கும்போதுதான் இருவரும் சேர்ந்து எடுக்கட்டும் என்று தேடியிருக்கிறார்கள். அதே நேரம் சமையல்காரர் போன்.

நாங்கள் இட்லி வாங்கி வைத்தோம், பாட்டி தொடவில்லை. பழமும் டீயும் மட்டும். அத்தை திண்டுக்கல் தமிழில் தன் மூட்டு வலி, பேரப்பிள்ளைகள், தண்ணீர் வராத கதை எல்லாம் சொன்னார். பாட்டி மகஹியில் ஏதோ சொன்னார். நடுவில் இருவரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். எதற்கென்று கேட்டேன். "உனக்குப் புரியாது" என்றார் அத்தை.

மூன்றரைக்கு வேன் வந்தது. தாத்தா ஒல்லி, கையில் ஈர மணல் முடிச்சு. இறங்கியதும் பாட்டியைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார் பாருங்கள், தெருவே நின்று பார்த்தது. பாட்டி பேசாமல் செம்பை மட்டும் தூக்கிக் காட்டினார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "எண்ணிப் பாக்காம வேன் ஏறினது நீங்க, அந்தம்மாவை எதுக்கு ஏசறீங்க?" என்று தமிழில் ஒரு பிடி பிடித்தார். தாத்தாவுக்கு எப்படிப் புரிந்ததோ, நிறுத்திவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாட்டி மீதியிருந்த வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் வைத்தார்.

டூர்க்காரர் என் வீட்டுக்காரர் கையில் பணம் திணிக்கப் பார்த்தார். அந்தப் பணத்தில் எல்லோருடைய கழுத்திலும் போன் நம்பர் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிவிடுங்கள் என்று கடை அண்ணனை விட்டு இவர் சொல்லவைத்தார். பெண் போலீஸ் எங்களிடம் சொன்னது உங்களுக்கும் உதவும்: இப்படி யாரையாவது பார்த்தால் 112-க்கு அழைக்கலாம், வயதானவர்களுக்கென்றே 14567 என்று ஒரு உதவி எண்ணும் இருக்கிறது. பார்த்த இடத்திலிருந்து ஊரெல்லாம் சுற்றிக் கூட்டிப்போகாமல், பக்கத்தில் இருக்கிற போலீஸில் முதலில் பதிந்துவிட்டால் தேடுகிறவர்களும் அங்கேதான் வருவார்கள்.

ஞாயிறு, ராமேஸ்வரம் ஸ்டேஷன்

காலையில் கண் விழித்தால் அத்தை கட்டிலில் இல்லை. கயா பாட்டியோடு கங்காபிஷேகம் பார்க்கப் போய்விட்டார், அதுவும் நேற்றே இருவரும் பேசி வைத்தபடி. எந்த மொழியில் பேசி வைத்தார்கள் என்று தெரியவில்லை. மூடியில் பற்றவைத்திருந்த ஈயத்தை உடைத்துத் தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து செம்பைக் கொடுத்தார்களாம். ஒரு சொட்டு அத்தை தலையிலும் தெளித்திருக்கிறார்கள். அவர்கள் பஸ் கன்னியாகுமரிக்குக் கிளம்பிவிட்டது.

அப்புறம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் போன இடம். சர்ச்சில் பவளப்பாறைக் கல்லால் கட்டிய சுவர் நிற்கிறது, கூரை கிடையாது. இங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல் போனது, சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து இறங்கி மாறுவார்கள் என்று மகளுக்குச் சொன்னேன். 2017-ல் தார் ரோடு வந்ததிலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் வண்டியிலேயே போய்விடலாம். ஒரு பக்கம் கடல் சும்மா கிடக்கிறது, மறுபக்கம் அலை அடிக்கிறது. மகன் இரண்டுக்கும் நடுவில் நின்று கத்தினான். வெயில் தாங்கவில்லை, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். அதிகம் எழுத ஒன்றுமில்லை, நேரில் பார்க்க வேண்டிய இடம்.

சங்குக் கடை அண்ணனிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். மகள் ஒரு சங்கு வாங்கினாள். விலையில் சல்லிக்காசு குறைக்கவில்லை அவர். "உதவி வேற, யாவாரம் வேறம்மா" என்றார்.

இப்போது ரயிலுக்கு உட்கார்ந்திருக்கிறோம். அத்தை பையில் கயா பாட்டி வீட்டு நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு, பிளாஸ்டிக் உறையில். இங்கிருந்து பனாரஸுக்கு வாரம் ஒரு ரயில் நேராகப் போகிறது என்று தாத்தா சொல்லியிருக்கிறாராம், கயா அங்கிருந்து பக்கம்தானாம். வீட்டுக்காரர் போனில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஏ.சி.யில போடவாம்மா?" என்று கேட்டார். ஜன்னல் திறக்காத பெட்டியில் ஏற மாட்டேன், ஸ்லீப்பரே போடு என்கிறார் அத்தை.